பிசினில் உறைந்த துண்டு

காலையில் பார்த்தபோது அந்தத் தழும்பு அங்கே இல்லை.

ஜோதிமணி நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு அருகே குனிந்தாள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக எந்நேரமும் இருட்டாக்கி வைத்திருந்த அந்த ஆஸ்பத்திரி அடித்தள அறைக்குத் துபாயின் ஆகஸ்ட் வெயில் எட்டுவதில்லை. பம்பு விடாமல் முனகியது, ஏசியின் ஈரவாடை நெஞ்சுக்குள் இறங்கியது, திரையின் பச்சை வெளிச்சம் அவள் விரல்களில் பாசியாகப் படிந்திருந்தது.

திரையில் தெரிந்தது அருள்முருகனின் கிட்னியிலிருந்து எடுத்த துணுக்கு. பரமக்குடிப் பக்கத்துக்காரன், ஜெபல் அலியில் கண்டெய்னர் இறக்குகிறவன், கால் வீங்கி வந்து சேர்ந்திருந்தான். கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய சுருள்களில் தழும்பு இல்லையென்றால் மாத்திரையிலேயே குணமாகிவிடும். இருந்தால் கிட்னி போய்விடும். காலையில் ஒன்றும் தென்படாத சந்தோஷத்தில், டாக்டருக்கு முன்பே அவள் வார்டுக்குப் போய், பயப்பட ஒன்றுமில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் ஆபிதாவுக்குப் போன் செய்து, காலையில் இல்லாத தழும்பு இப்போது தெரிவதைச் சொன்னாள். வேறு இடத்தைப் பார்த்திருப்பாய் என்றார் அவர். அதே இடம்தான் என்று இவள் அடித்துச் சொன்னதும், டாக்டர் பொறுமையிழந்தார்.

"மருந்துல ஊறிப் பிசின்ல உறைஞ்ச துண்டும்மா அது. செத்தது எப்படி வளரும்?"

வளர்ந்தது.

உற்றுப் பார்க்கும்போது அசையவில்லை. கண் இமைத்தால் நகர்ந்திருந்தது. அதே துணுக்கிலிருந்து சீவிய இன்னொரு சீவலை மாற்றி வைத்தாள். அதிலும் இருந்தது, இன்னும் பெரிதாக. ஒரு சுருள் அடைத்துக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது.

கதவு திறந்தது. அருள்முருகன். கையில் துணிப்பை, தெளிந்த முகம்.

"டிஸ்சார்ஜ் பண்ணி ரூமுக்குப் போகச் சொல்லிட்டாக. எல்லாம் உங்க வாய் முகூர்த்தம்க்கா."

அவன் பார்த்துவிடக் கூடாது. எழுந்து திரையை மறைத்தபடி, பின்னால் கைவிட்டு நுண்ணோக்கியின் மின்சாரத்தை நிறுத்தினாள். பம்பின் முனகல் ஓய்ந்தது. பச்சை வெளிச்சம் அணையவில்லை. திரும்பிப் பார்த்தாள். கடைசிச் சுருள். நடுவில் ஊசிமுனை அளவு துளை. சுருங்கியது.

சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள். அறை முழுக்க வெள்ளை வெளிச்சம்.

அவன் அதே இடத்தில் நின்றான். அதே சிரிப்பு. இமைகள் மட்டும் உப்பிக்கொண்டிருந்தன. மெதுவாக. நீர் கோத்து, பளபளத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு மெல்லிய கோடுகள்.

"லைட்ட ஏன்க்கா அமத்துனீக?"