சேரக் காத்திருந்தவன்

அன்று காலை அறவாழி நான்கு பேராகப் பிரிந்து வேலைக்குக் கிளம்பினான். செவ்வாயின் செந்தரை நகரில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஒருவன் அலுவலகத்துக்கு, ஒருவன் குடிநீர் வாரியத்தில் சண்டை போட, ஒருவன் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு. நான்காமவன் பூமிக்கு, கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அப்பாவைப் பார்க்க. அசல் அறவாழி போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இழை என்பது மனத்தின் நகல். ஒளியலையில் போய், அங்கே ஒரு வாடகை உடம்பில் இறங்கி, வேலையை முடித்துத் திரும்பும். அனுப்புமுன் பண்புப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும்: எவ்வளவு நினைவிடம், என்ன முன்னுரிமை, கடைசியில் இழை என்னாவது. ‘விட்டுவிடு’ என்று குறித்தால் வேலை முடிந்ததும் அது தானே கரைந்துபோகும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், அசல் ஆள் நேரில் வந்து சேர்த்துக்கொள்ளும்வரை, பார்த்ததையும் கேட்டதையும் சுமந்தபடி காத்திருக்கும்.

மூன்று இழைகளுக்கு அறவாழி ‘விட்டுவிடு’ என்று குறித்தான். அப்பாவிடம் போகிறவனுக்கு அப்படிக் குறிக்க மனம் வரவில்லை, காலியாக விட்டான். பிறகு நான்கு படிவங்களையும் ஒழுங்காக அழித்தான். படிவத்தை அழித்தால் இழையின் கணக்கும் முடிந்துவிடும் என்று நம்பிய எத்தனையோ பேரில் அவனும் ஒருவன். படிவம் போனது. இழை போகவில்லை.

நான்காமவன் திரும்பி வந்து, இங்கே இன்னொரு வாடகை உடம்பில், இழைகள் அசலுக்காகக் காத்திருக்கும் இணைப்புக் கூடத்தில் உட்கார்ந்தான். ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவர்களை அவரவர் அசல்கள் வந்து சேர்த்துக்கொண்டு போனார்கள். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. கூடத்தைக் கவனிக்கும் மெர்சியிடம், அப்பா சொன்னதையாவது கடிதமாக அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான். இழைக்குள் இருப்பதை அதற்குரிய ஆளைத் தவிர வேறு யாரும் கேட்கக்கூடாது என்பது சட்டம், அவள் என்ன செய்வாள்? அவள் அனுப்பிய நினைவூட்டல்களுக்கெல்லாம், படிவத்தை அப்போதே அழித்துவிட்டேன் என்று அறவாழியிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. அப்பா இவனுக்கும் அப்பாதான். அவர் அங்கே காத்திருப்பார் என்ற நினைப்பு இவனைத் தின்றது.

ஒரு நாள் அறவாழி உள்ளே வந்தான். நான்காமவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். “நான் அசல் இல்ல. கடைசி எச்சரிக்கை வந்துச்சாம். அவனுக்கு நேரமில்ல, உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னான்.”

இழையை இழை சேர்க்க முடியாது என்று மெர்சி விளக்கினாள். வந்தவனுடைய கடைசிக் கட்டத்தில் என்ன குறித்திருந்தது என்று கூடத்தின் பதிவேட்டில் தேடிப் பார்த்தாள். காலி. படிவத்தையோ, இவன் வீட்டு வாசல் தாண்டும்போதே அறவாழி அழித்துவிட்டிருந்தான்.

வந்தவன் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டான். நீயும் அறவாழிதானே, சட்டம் தடுக்காது என்று நான்காமவன் சொன்னான்.

“‘இப்படி ஆள் அனுப்பாதய்யா. ஒரு தடவ நீயே வந்துட்டுப் போ’ன்னார்.”

மெர்சி இன்னொரு நாற்காலியை இழுத்து வந்தாள்.

“எதுக்கும் இது இங்க கிடக்கட்டும்” என்றாள். “உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போக அடுத்த ஆள் வருவார்.”