டியூட்டி மாறும் நேரம்

அக்கா கல்லூரி விடுதிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதில் கடைசி மூன்று நாளாக அவள் அம்மாவோடு பேசவே இல்லை.

காரணம் ஒரே ஓர் இருமல்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனில் பேசும்போது அக்கா ஒரு தடவை இருமிவிட்டாள், பாவம். "சளி பிடிச்சிருக்கா? நெஞ்சு வலிக்குதா?" என்று அம்மா பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா, தூசி" என்றாள் அக்கா. அதோடு விட்டிருக்கலாம். அம்மாவா விடுவார்? நேரே விடுதிக் காப்பாளருக்குப் போன் போட்டு, "நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொண்ணுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காப்பாளரும் தெர்மாமீட்டரும் கையுமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து நின்றாராம். அன்றிலிருந்து விடுதி முழுக்க அக்காவுக்குப் பெயரே 'தெர்மாமீட்டர்'தான்.

"இனிமே நீ கூப்பிடாதம்மா. தோணும்போது நானே கூப்பிடுறேன்" என்று அக்கா போனை வைத்தாள். மூன்று நாளாக அவளுக்குத் தோன்றவில்லை. அம்மா பாத்திரம் தேய்க்கும்போதுகூட போன் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வாண்டுக்கு அழுகை அழுகையாக வந்தது.

வாண்டு அந்த வீட்டின் கடைக்குட்டி. பத்து வயது. பள்ளி விட்டதும் அம்மாவின் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். டியூட்டி முடிந்ததும் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

அன்றும் அம்மா, அடுத்து வந்த நர்ஸிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணாம் கட்டில் தாத்தா மாத்திரையைத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைப்பாரு. முழுங்குற வரைக்கும் நகராதீங்க. ஆறாம் கட்டில் அம்மாவுக்கு இருட்டுன்னா பயம்."

அந்த நர்ஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டார். அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியில் வாண்டு கேட்டாள். "அம்மா, தாத்தா மாத்திரை முழுங்கினாரான்னு வீட்டுலேருந்து போன் பண்ணிக் கேப்பியா?"

"சேச்சே! அவங்க கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அது அவங்க பொறுப்பு. நான் நடுவுல மூக்கை நுழைச்சா அவங்களை நம்பலைன்னு ஆயிடும்."

வாண்டு நின்றுவிட்டாள். "அப்போ அக்காவை யார்கிட்ட ஒப்படைச்சே?"

"காப்பாளர்கிட்ட."

"அங்க அக்காவைப் பாத்துக்கப் போறது அக்காதானேம்மா? அவகிட்ட நீ ஒப்படைக்கவே இல்லையே!"

"அடி வாயாடி!" என்றார் அம்மா. வீட்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "நோட்டை எடு" என்றார். அக்காவைப் பற்றி அம்மா சொல்லச் சொல்ல வாண்டு எழுதினாள்.

'காலையில் சாப்பிடாவிட்டால் தலைவலி வரும். சாவி தொலைந்தால் முதலில் குளியலறையில் தேடவும். அழுகை வந்தால் பசிக்கவில்லை என்று சொல்வாள்.'

அம்மா நோட்டை எட்டிப் பார்த்தார். "கடைசியா ஒண்ணு எழுது. தைரியமான பொண்ணு. நம்பி விடலாம்." அதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடியில் 'ஒப்படைப்பவர்' என்று எழுதி அம்மா கையெழுத்துப் போட்டார். அப்பா அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல்தான் என்றாலும் எழுத்து தெரிந்தது.

மறுநாள் முழுக்க அம்மா போனைத் தொட்டுத் தொட்டு வைத்தாரே தவிர, கூப்பிடவில்லை. சாயங்காலம் பதிலுக்கு ஒரு படம் வந்தது. அக்காவின் கையெழுத்து! வாண்டு சத்தமாகப் படித்தாள்.

'பெற்றுக்கொண்டேன். இத்தனை வருஷம் என்னைப் பார்த்துக்கிட்டதுக்கு ரொம்ப ரொம்ப நன்றிம்மா. ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகக் கூப்பிடுறேன்.

நானும் கிளம்பும்போது ஒப்படைக்க மறந்துட்டேன். அப்பா கண்ணாடியைத் தேடினால், தலைமேல் பார்க்கவும். அம்மாவுக்கு டியூட்டி முடிந்து வந்தால் கால் வலிக்கும். கேட்டால் இல்லை என்பார். நம்ப வேண்டாம். வெந்நீர் வைக்கவும்.

ஒப்படைப்பவர்: தெர்மாமீட்டர்.'

அம்மா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அப்பா மெல்லத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, கால் வலிக்குதா?" என்று கேட்டாள் வாண்டு.

"இல்லடி கண்ணு."

வாண்டு நேரே போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். பிறகு நோட்டைத் திறந்து, 'பெற்றுக்கொண்டவர்' என்று எழுதி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.