அருளப்பு சந்தியோகுவைத் தேடிய சிட்டு

14.08.2119, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன்: மூன்றாம் தட்டை மூடவில்லை. தவறை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார், மாலை வகுப்பில் தரக் கட்டுப்பாடு கற்பிக்கும் ஆசிரியை. சிறு தவறுதானா என்று இப்போது தெரியவில்லை.

எங்கள் ஆலையில் மரவள்ளிக் கிழங்கை மாவாக்குகிறோம். அரைக்கும் முன் ஒவ்வொரு கிழங்கும் ஊடுநோக்கியைக் கடந்து போகும். வாரத்துக்கு இரண்டு மூன்றில் சிட்டு இருக்கும். சிட்டு என்பது கட்டைவிரல் அளவு ட்ரோன். ஒரு கண், உள்ளே வெடிமருந்து. போர் முடிந்து இருபத்தைந்து வருடங்களாகியும் வயலில் விழுந்தவை சாகவில்லை. அவற்றைச் சுற்றிக் கிழங்கு வளர்ந்துவிடுகிறது.

கிழங்கைப் பிளந்து, சிட்டின் அடியிலுள்ள பெயரைப் படிப்பது என் வேலை. ஒவ்வொன்றும் ஒரே ஒருவருக்காக அனுப்பப்பட்டது. முகத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும்; மற்றவர்களை அது பார்க்கும், ஒன்றும் செய்யாது. பெயரை நான் உரக்க வாசித்தால், "ஆருக்கடி இண்டைக்குக் கடிதம்?" என்று தோல் சீவும் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். ஆள் உயிரோடிருந்தால் ஆலையை நிறுத்தி, வெடி அகற்றுவோரை அழைப்போம். இல்லையென்றால் "இறந்தவர், ஆபத்தில்லை" என்று எழுதித் தட்டில் வைப்பேன். மாலையில் உப்புநீர்த் தொட்டியில் அமிழ்த்துவோம்.

இன்றைய பெயர் அருளப்பு சந்தியோகு. பதிவேட்டின்படி இறந்தது 2093. வழக்கம்போல எழுதி, மூன்றாம் தட்டில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு எமில்டா அக்கா சீவும் கத்தியை மாற்ற என் மேசைக்கு வந்தார். தட்டில் மெல்லிய உறுமல். சிட்டின் கண் அக்கா பக்கம் திரும்பியிருந்தது. அக்கா இடப்பக்கம் நகர்ந்தார். கண்ணும் இடப்பக்கம் போனது.

"அசையாதேங்கோ அக்கா."

"என்ன பேரடி அதில?"

சொன்னேன்.

"அது என்ர அப்பா," என்றார், உதடு மட்டும் அசைய. "மூண்டு அனுப்பினவங்கள். ஒண்டுதான் அவரைக் கண்டது."

கண் சிவந்தது, அணைந்தது, மறுபடி சிவந்தது. அவர்தானா இல்லையா என்று அதற்கே நிச்சயமில்லாதது போல. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு அதற்கும் அக்காவுக்கும் நடுவே என் உடம்பை வைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கித் தொட்டிவரை நடந்தேன். உப்புநீருக்குள் கொஞ்ச நேரம் துடித்தது.

திரும்பியபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னில அப்பான்ர சாடை கொஞ்சம்தான், தர்மிகா. மகள்தான் அச்சு அசல் அவர். எல்லாரும் சொல்லுறவை." பிறகு கேட்டார்: "மற்றது எங்கையடி கிடக்கு?"

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "விதியில பிள்ளையளைப் பற்றி ஒண்டும் இல்லையே," என்றார். நானும் அப்படித்தான் படித்திருக்கிறேன். இந்த வருடம் மட்டும் அறுபத்தொரு பேருக்கு என் கையால் "ஆபத்தில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

நாளை காலை வேலை: அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றின் எதிரிலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரை எழுதத் தொடங்க வேண்டும். முதல் வரி: எமில்டா அக்காவின் மகள் ஜெனிற்றா, வயது ஒன்பது.