கள்ளக் கேட்பு

டீக்கடையில் ஜெசிந்தா வாயைத் திறந்தாலே பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவள் ஒன்றும் கெட்ட வார்த்தை பேசிவிடவில்லை. இந்த வருஷம் மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று ஆரம்பிப்பாள், அவ்வளவுதான். உடனே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் காதில் அழுத்தி, தலையை லேசாகத் தாழ்த்தி ஒரு புன்னகை. கடலூரில் அதுதான் மரியாதை. சின்னக் குழந்தை அப்படிச் செய்தால் சமர்த்து என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். அங்கன்வாடியில் அ, ஆ வருவதற்கு முன்னால் காதைப் பொத்தத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மரியாதையாம், மண்ணாங்கட்டி! எல்லாம் பயம். பிறந்த மாதமே காது மடலில் வைத்துத் தைத்துவிடுகிற செவிமணி, காதில் விழுவதையெல்லாம் பதிவு செய்துகொள்ளும். வம்பு பேசலாம், சண்டை போடலாம், சினிமா பேசலாம். ஆனால் 'இதை இப்படிச் செய்தால் அது சரியாகும்' என்று ஒரு வாக்கியம் விழுந்தால் போதும், அது அறிவகம் என்கிற கம்பெனியின் சொத்தா என்று செவிமணி பார்க்கும். எதுதான் அவர்கள் சொத்து இல்லை? எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் செவிமணியிடம் கேட்க வேண்டும். அது சந்தாவைப் பார்த்து, உங்கள் காதுக்கு மட்டும் சொல்லும். அதையே இன்னொருவர் வாயால் கேட்டால் கள்ளக் கேட்பு.

சொன்னவரை ஒன்றும் செய்யமாட்டார்கள். கேட்டவரின் குடும்பம் முழுவதற்கும் அறிவுத்தடை விழும். அதன் பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எங்கே போனாலும் செவிமணி ஊமைதான். இந்தச் சட்டத்தை எழுதியவன் பலே ஆள். பேசுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் ஊர் அவர்களைத் தியாகி என்று சொல்லும். கேட்கிறவர்களை மிரட்டிவிட்டால், பேசுகிறவள் தானாகவே பைத்தியக்காரி ஆகிவிடுவாள்.

ஜெசிந்தா அப்படி ஆனவள். வாலிப வயதில் அவள் 'திறந்த ஏடு' என்ற இணைய நூலகத்தில் வேலை பார்த்தாள். மருத்துவ நூல்களில் இருப்பதை எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதிப் போடுவது அவள் வேலை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். பிறகு ஒரு நாள், நூலகத்தைப் பராமரிக்க ஒரு பெரிய கை வேண்டாமா என்று அறிவகம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் பூட்டு விழுந்துவிட்டது. தான் எழுதிய வரிகளைத் தானே படிக்க முடியாமல் ஜெசிந்தா வெளியே வந்து நின்றாள்.

இந்த வருஷ மழையில் கெடிலம் ஆறு கரையை உடைத்தது. தெருவே பள்ளிக்கூட மாடியில் போய் ஒதுங்கியது. செல்போன் கோபுரம் சாய்ந்து நெட்வொர்க் செத்துப்போனதில் செவிமணிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை. விழுந்ததை எல்லாம் சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டுக் குமுதா, கைக்குழந்தை முகிலனை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மூத்த மகள் தேன்மொழி துப்பட்டாவால் தம்பிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். முகிலனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. காலையில் வீறிட்டு அழுதவன் மதியத்தில் முனகினான். முகாம் நர்ஸ் பிரகதி வந்து தொட்டுப் பார்த்தாள், தன் காது மடலைத் தட்டிப் பார்த்தாள், கையைப் பிசைந்தாள். செவிமணி சொல்லாமல் அவளுக்கும் ஒன்றும் தெரியாது. அவள் படித்த படிப்பு அப்படி.

ஜெசிந்தா சுற்றும் பார்த்தாள். நிவாரண மூட்டையில் உப்பும் சர்க்கரையும் இருக்கிறது. அடுப்பில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? குமுதாவின் எதிரே போய் உட்கார்ந்து, "இங்க பாரு, ஒரு லிட்டர் தண்ணில..." என்று ஆரம்பித்தாள்.

குமுதா குழந்தையை மடியில் சரித்துவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள். புன்னகைக்கக்கூட முயன்றாள், பாவி.

"படுபாவி, கைய எடுடி. புள்ள கண்ணு உள்ள போயிருக்கு, பாரு!"

"வேணாம்க்கா," என்றாள் குமுதா, கையை எடுக்காமலே. "தேன்மொழிக்கு இது கடைசி வருஷம். என் காதுல விழுந்துட்டா அவ படிப்பே போயிடும். நெட்வொர்க் இப்ப வந்துடும்க்கா."

சொல்ல விடாவிட்டால் செய்துவிட்டுப் போகிறேன் என்று ஜெசிந்தா எழுந்தாள். எல்லோர் கண்ணெதிரிலும் குடத்திலிருந்து தண்ணீரை அளந்து ஊற்றி, சர்க்கரையைப் பிரித்தாள். அறை மொத்தமும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது. பார்ப்பதும் படிப்பதுதானாம். கரைத்ததை டம்ளரில் எடுத்துக்கொண்டு வந்தபோது பிரகதி குறுக்கே நின்றாள். பதிவில்லாத கரைசலைக் குழந்தைக்குக் கொடுத்தால் கொலை முயற்சி ஆகிவிடும் என்று பணிவாகச் சொன்னாள். பணிவாகவே டம்ளரை வாங்கி ஜன்னல் வழியாக வெள்ளத்தில் ஊற்றினாள். ஜெசிந்தா குழந்தையைத் தூக்கப் பாய்ந்தாள். நாலைந்து பேர் வந்து அவளைப் பிடித்து மாடிப்படியில் உட்கார வைத்தார்கள். அவள் கத்திய ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்கள் மாற்றி மாற்றிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். இந்த ஊருக்கு என்ன கேடு வந்தது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பொழுது சாய்வதற்குள் முகிலன் முனகுவதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் காலையில் நெட்வொர்க் வந்தது. எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் மணி ஒலித்தது. ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். குமுதா மட்டும் துண்டில் சுற்றிய குழந்தையோடு அதே சுவரோரம் இருந்தாள். காது மடலைத் தொட்டு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, என்ன செய்யணும் என்று கேட்டாள். யாருக்காகக் கேட்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. செவிமணி அவளுக்கு மட்டும் பதில் சொன்னது. கேட்கக் கேட்க அவள் உதடுகள் அசைந்தன.

மாடிப்படியிலிருந்து ஜெசிந்தா அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர். ஆறு தேக்கரண்டி சர்க்கரை. அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுகச் சிறுகக் கொடுங்கள், நிறுத்தாதீர்கள். ஒரு சொல் மாறவில்லை. முப்பது வயதில் அவள் எழுதிய வரிகள். 'நிறுத்தாதீர்கள்' போதுமா, 'நிறுத்தவே நிறுத்தாதீர்கள்' என்று போடலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தது நினைவுக்கு வந்தது.

குமுதாவின் கண்கள் நிவாரண மூட்டைக்குப் போயின. ஜெசிந்தா பிரித்த சர்க்கரைப் பொட்டலம் அப்படியே கிடந்தது, ஓரத்தில் எறும்பு மொய்த்திருந்தது.

"நேத்து இதத்தான் சொல்ல வந்தீங்களாக்கா?"

"ஆமா."

"உப்பும் சர்க்கரையுமா? அவ்ளோதானா?"

ஜெசிந்தா ஆமென்று தலையை அசைத்தாள்.

குமுதா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். அறையின் நடுவில் போய் நின்றாள். மூலையில் சந்தா கட்ட முடியாத இன்னொருத்தியின் குழந்தை ராத்திரியிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க. ஒரு லிட்டர் தண்ணி எடுத்துக்கணும். காய்ச்சி ஆறின தண்ணி..."

அறை முழுவதும் கைகள் காதுக்கு உயர்ந்தன. முதலில் உயர்ந்தவை தேன்மொழியின் கைகள்.