தோல் போதவில்லை

நேற்று மாலை மழமழவென்று வழித்து வைத்த தோல், இன்று மதியம் விரலை ஓட்டியபோது சொரசொரத்தது. லீவு நாளில் சவரம் செய்யாமல் சாப்பிட உட்காரும் அண்ணனின் கன்னம் போல. அவள் விரலை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி தொட்டாள். சந்தேகமில்லை. மரச்சட்டத்தில் நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்திருந்த ஆட்டுத்தோலின் நடுவில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிற அளவுக்கு, மயிர் முளைத்திருந்தது.

"அண்ணே, இந்தத் தோல எங்க பிடிச்ச?"

முன்கடையிலிருந்து குரல் வந்தது. "ஏன், ஓட்டையா?"

"தாடி வளருது."

"வளரட்டும். மில்காரர் பாட்டன் படம் எங்கன்னு கேட்டா அதையே காட்டிரலாம்."

முன்கடையில் அண்ணன் பழைய கையெழுத்து ஏடுகள் விற்பான். பின்னறையில் அவள் அவற்றுக்கு வேண்டிய பழமையைச் செய்து கொடுப்பாள். பழமை என்பது கையிருப்பில் இல்லாவிட்டால் தயாரித்துக் கொடுக்கவேண்டிய சரக்கு. அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையின் கொள்கை அது. மாவு மில் வைத்து மேலே வந்த ஒருவருக்கு இப்போது ஒரு பரம்பரை தேவைப்பட்டது. பையனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் பழைய குடும்பமாம். இவர் பங்குக்கும் சுவரில் மாட்ட ஒரு வம்சாவளி வேண்டும், ஆடு மாடு மேய்த்ததெல்லாம் வராமல். இன்று சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

புதுத்தோலில் எழுதினால் பார்த்தவுடன் குட்டு வெளிப்படும். அதனால் ஏற்கனவே எழுதப்பட்ட பழைய தோல் ஒன்றை வாங்கி, இருக்கிற எழுத்தைப் பிறைக்கத்தியால் சுரண்டி, நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணாம்புத்தூள் தூவி, அதன்மேல் எழுதவேண்டும். இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு. அழிப்பதைப் படிக்கக்கூடாது. படித்தால் கை தயங்கும். தயங்கினால் கத்தி இறங்கி ஓட்டை விழும். அதனால் ஏட்டைத் தலைகீழாகக் கட்டித்தான் சுரண்டுவார்கள். கசாப்புக்கடைக்காரர் ஆட்டுக்குப் பெயர் வைக்காத மாதிரி. இத்தனை வருஷத்தில் தான் எதையெல்லாம் அழித்தோம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

இந்தத் தோலைத் தலைகீழாகப் பார்த்தபோதே ஒன்று மட்டும் தெரிந்தது. அதில் எழுதியது நல்ல கை. மயிரிழையாய்த் தொடங்கிப் பருத்து மறுபடி இழையாய் முடிகிற கோடுகள். ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அளந்து விட்ட மாதிரி மூச்சு. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை தோலைக் கடித்து இறங்கியிருந்தது. சுரண்டுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஆனால் அந்தக் கைக்காரன் ஓரம் விடவே இல்லை. எந்த எழுத்தரும் ஓரம் விடாமல் எழுதமாட்டார். இவனோ விளிம்புவரை போயிருந்தான்; கடைசி வரிகள் குறுகி, நெருங்கி, கிளம்பிவிட்ட பஸ்ஸில் தொற்றிக்கொண்டவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டு மறுபடி வழிக்க ஆரம்பித்தாள். மழையின் இரைச்சலுக்கு நடுவே கத்தி உராயும் சத்தம் மட்டும் சரக், சரக் என்று சீராகக் கேட்டது. தோலிலிருந்து வாசனை கிளம்பியது. முதலில் நனைந்த ஆட்டுப்பட்டி. பிறகு அதற்கு அடியிலிருந்து வேறொன்று: கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்த ஆளின் வியர்வை. சகிக்கமுடியாத நாற்றமில்லை. தெரிந்த வாசனை போல் இருந்தது. கத்தி நடுப்பகுதிக்கு வந்தபோது தோல் முழுவதும் புள்ளி புள்ளியாய்ச் சிலிர்த்தது. கயிறுகள் கிறீச்சென்று இறுகின. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

பயம் வந்தது. அவள் அதை முகத்துக்கு ஏறவிடாமல் நிறுத்தினாள். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு ஒன்று தெரியும்: எதிரில் நிற்கிறவனிடம் பயத்தைக் காட்டிவிட்டால், அப்புறம் அவன் சொன்னதுதான் விலை.

"கூசுதா?" என்றாள் தோலிடம். "எனக்கும்தான் முதுகு வலிக்குது. நான் சொல்லிக் காட்டினேனா? சும்மா இரு."

இறகுப்பேனாவைச் சீவி, மையில் தோய்த்து, முதல் வரியை எழுதினாள். 'மேற்படி வம்சத்தில் உதித்த' என்று தொடங்குகிற வரி. எல்லா வம்சாவளிக்கும் அதுதான். மை ஒட்டவில்லை. எண்ணெய்ச் சட்டியில் விழுந்த தண்ணீர் போல முத்து முத்தாய்த் திரண்டது. உருண்டு விளிம்புக்குப் போனது. சொட்டு. இன்னொரு சொட்டு. தரையில் விழுந்தது.

அதே நேரம் இடது முன்கை எரிந்தது.

சட்டைக்கையைச் சுருட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு எழுத்து. பழைய மையின் பழுப்பு. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று தொடங்கியது. முதலில் மயிரிழை. பிறகு பருமன். வளைவு. பேனா தூக்கப்படும் இடத்தில் ஒரு நிறுத்தம். மறுபடி இழை. எந்தக் கோடு முதலில், எது பிறகு என்று அவளால் பார்க்க முடிந்தது. பேனாவைத்தான் பார்க்க முடியவில்லை.

எழுத்துகள் அவளைப் பார்த்து நிற்கவில்லை. எதிரில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு நேராக, அவளுக்குத் தலைகீழாக நின்றன. மேசைக்கு எதிர்ப்புறம் நாற்காலியே கிடையாது.

அவள் கண்ணை விலக்கிக்கொண்டாள். பழக்கம். தலைகீழாய் இருப்பதைப் படிக்கக்கூடாது.

"அண்ணே. இங்க வா. கேக்காத, வா."

அண்ணன் வந்தான். கையைப் பார்த்தான். முதலில் அவளே எழுதிக்கொண்டாள் என்றுதான் நினைத்திருப்பான். ஏதோ கேலி செய்ய வாய் திறந்தது. அடுத்த எழுத்து அவன் கண்ணெதிரே முளைத்ததும் வாய் அப்படியே நின்றது.

"படி."

"பாப்பா..."

"எனக்கு நேரா இல்ல. உனக்குத்தான் நேரா இருக்கு. படி."

அண்ணன் எதிரில் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டினான். "'பிறர் சொன்னதையே... எழுதி வந்தேன். இது நான்... சொல்வது. என் கதையைத் தொடக்கத்திலிருந்து...' பொறு, இன்னும் வரல."

இருவரும் காத்திருந்தார்கள். மழை. ஒரு எழுத்து. இன்னொன்று. சதையில் எறும்பு வரிசை போவதுபோல் இருந்தது. வரி வரியாய் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறியது: பிறந்தது, பேனா பிடித்தது, யார் யாருக்காகவோ எழுதியது. அண்ணன் உதடு காய்ந்து வாசித்துக்கொண்டே போனான். கடைசி வரிகள் குறுகின. நெருங்கின.

"'இன்னும் பாதிகூடச் சொல்லவில்லை. தோல் போதவில்லை.'"

"அப்புறம்?"

"அதோட முடிஞ்சுது." அவன் குனிந்து பார்த்தான். "இல்ல. முடியல. முழங்கைக்கு மேல புதுசா ஆரம்பிக்குது."

அவள் சட்டத்தில் இருந்த தோலைத் தொட்டுப் பார்த்தாள். வழுவழுப்பு. குளிர்ச்சி. செத்த ஆட்டின் தோல், வேறொன்றுமில்லை. மயிரும் இல்லை, வாசனையும் இல்லை.

"எரிச்சிரலாம்," என்றான் அண்ணன்.

"எத எரிப்ப? அது காலி பண்ணிட்டு வந்துருச்சு."

அவன் அவள் கையைப் பார்த்தான்.

வெளியே பாதி இறக்கியிருந்த ஷட்டரை யாரோ தட்டினார்கள். மில்காரர். அண்ணன் போய், மழையில் தோல் பதமிழந்துவிட்டது, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் ஐயா என்று இழுப்பது கேட்டது. வாசலுக்கு வந்த ஆளைத் திருப்பியனுப்புவது அவன் பரம்பரைக்கே புதிது. ஷட்டர் முழுக்க இறங்கும் சத்தம். திரும்பி வந்தபோது அவள் கையில் பிறைக்கத்தி இருந்தது.

"ஏய், வை கீழ."

"பயப்படாத. சுரண்டினா மறுபடி முளைக்கும், அதான் பாத்தோமே." கத்தியை மேசைமேல் எறிந்தாள். "வெத்து இடம் இருந்தாத்தானே அது எழுதும்? நான் முந்திக்கிறேன். என் தோலுக்கு நான்தான் எழுத்துக்காரி."

பேனாவைத் தோய்த்து இடது மேற்கையில் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. கைக்கு வந்ததெல்லாம் அடுத்தவர் வாசகம். மேற்படி வம்சத்தில் உதித்த. இதனால் அறிவிப்பது யாதெனில். இவ்வளவு காலமாகச் சொந்தமாய் ஒரு வரி எழுதியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. கீழேயிருந்து பழுப்பு எழுத்து ஏறிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். அழகாய்.

அந்த அழகுதான் அவளுக்குக் கோபத்தை மூட்டியது. எழுதினாள்: இது என் கை. நீ இறங்கு.

பழுப்பு எழுத்து அவள் வரிக்குக் கீழே வந்து நின்றது. நிஜமாகவே நின்றது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து இடம் தேடியது.

"நிக்குது," என்றான் அண்ணன். "எழுது பாப்பா. எழுது."

எழுதினாள். சின்ன வயதில் அண்ணன் பல்லை உடைத்தது தான்தான் என்று எழுதினாள். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னது பொய் என்றும். சலவைக்கடைக்காரன் பெண் கேட்டு வந்தபோது முடியாது என்றதில் இன்றுவரை ஒரு நாளும் வருத்தமில்லை என்று எழுதினாள். பால் ஆடை பிடிக்காது. கடையில் பாதி என் உழைப்பு. அண்ணனை முன்கடைக்கு அனுப்பிவிட்டுத் தொடையில், வயிற்றில், பாதத்தில் எழுதினாள். எங்கே எரிந்ததோ அங்கே முந்தினாள். வலது கைக்கு அண்ணன் வந்தான்.

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே."

"அழகு போட்டியா நடக்குது? நான் சொல்லச் சொல்ல எழுது."

எழுதினான். எரிச்சல் தணிந்தது. எறும்புகள் நின்றன. மழைகூடக் குறைந்திருந்தது. அவள் சிரித்தாள். "பாத்தியா? பேரம் படியலன்னா போய்த்தான் ஆகணும்."

பிறகு முதுகில் ஏதோ ஊர்ந்தது.

எரியவில்லை. குளிர்ந்தது. மழுங்கிய முனை ஒன்று இடமிருந்து வலமாக, அடிக்கோல் வைத்த மாதிரி, நேராக. நின்றது. கொஞ்சம் கீழே, மறுபடி.

"அண்ணே. முதுகப் பாரு."

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கினான்.

"எழுதியிருக்கா?"

"இல்ல." விளக்கை நெருக்கிப் பிடித்தான். "கோடு போட்டிருக்கு. கழுத்துலேர்ந்து கீழ வரைக்கும். ரெண்டு ஓரத்துலயும் ஊசி குத்தின மாதிரி புள்ளி. வரிசையா. இந்தத் தடவ ஓரம் விட்டிருக்கு பாப்பா."

சுண்ணாம்புத்தூள் வாசனை வந்தது.

அவளுக்குப் புரிந்தது. தோல் வாங்குகிற எவருக்கும் தெரிந்த விஷயம். ஒரு தோலில் நல்ல எழுத்துக்கு ஆகிற இடம் முதுகுதான். கை, கால், வயிறெல்லாம் கழிவு. பேனா ஓடுகிறதா என்று கிறுக்கிப் பார்க்கிற துண்டு. இவ்வளவு நேரம் அவள் சண்டை போட்டு ஜெயித்தது அந்தக் கழிவுக்காக.

"பேனாவ எடு. எழுது. சீக்கிரம்."

அண்ணன் எடுக்கவில்லை. விளக்கோடு முன்னால் வந்தான். விளக்கை வைத்தான். மேசையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கைகளும் அவள் கண்ணெதிரே. பேனா அவற்றுக்கு நடுவில் கிடந்தது.

"அங்க நிக்க முடியல," என்றான். "எனக்கும் உனக்கும் நடுவுல இடம் இல்ல."

பின்னால், மைக்கூட்டின் விளிம்பில் ஒரு தட்டு. அதிகமான சொட்டை உதறுகிற தட்டு.

கழுத்துக்குக் கீழே ஈரம். முனை.

அவள் குனியவில்லை. முதுகை நிமிர்த்தினாள்.

"வந்துட்டியா," என்றாள். "சரி. எழுது. ஆனா நான் சொல்றத எழுது. என் முதுகு. என் பேரு முதல்ல."

முனை நின்றது. கேட்டது. மூச்சு ஒன்று காதோரம், நிதானமாய், வேலைக்காரனின் மூச்சு.

அவள் சொல்லத் தொடங்கினாள். பெயரை. பிறந்த வீட்டை. உடைந்த பல்லை. முனை அசைந்தது. இழை, பருமன், வளைவு. சதையில் ஓடுகிற கோட்டை வைத்தே எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

குரலை உயர்த்தினாள். முதலிலிருந்து மறுபடி சொன்னாள். முனை வரி முடிந்து அடுத்த வரிக்கு இறங்கியது.