யார் சீட்டு யாருக்கு?

பொங்கல் விடுமுறை. சென்னையில் கிரிக்கெட் ஆட்டம். போடியில், அபுபக்கர் மளிகைக் கடையின் பின்பக்கத்தில் இன்னோர் ஆட்டம்.

இதற்கு மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். ரேடியோ போதும். ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, நண்பர்கள் நால்வரும் ஆளுக்கு மூன்று எடுத்திருந்தார்கள். மீதிச் சீட்டுகள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. உங்கள் சீட்டில் இருப்பவர் அடிக்கும் ரன் உங்களுக்கு. ஜெயித்தவர் ரேடியோ பக்கத்து அரிசி மூட்டை மேல் உட்காரலாம். போன ஆட்டத்தில் ஜெயித்த சபியா, கடைக்காரர் மகள், அதன் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

குரங்கணியிலிருந்து ஏலக்காய் ஜீப்பில் வந்திறங்கிய பால்பாண்டியின் முகம் மட்டும் வாடியிருந்தது.

"என் ஆளுக்கு விரல் உடைஞ்சுபோச்சாம். ரேடியோவுல சொன்னாங்க. டப்பாவுலேருந்து வேற சீட்டு எடுத்துக்கிறட்டுமா?"

புதிதாக எது செய்வதானாலும் நால்வரில் மூவர் கை தூக்க வேண்டும். அதுதான் அவர்கள் சட்டம். சபியா தூக்கினாள். பால்பாண்டி தூக்கினான். திருப்பதியும் ஜக்கையனும் கூரையைப் பார்த்தார்கள்.

"நீ கடைசியா வந்தாத்தானே மாப்ளே, நாங்க அந்த இடத்துலேருந்து தப்பிப்போம்!" என்றான் திருப்பதி. ஒளிவு மறைவே இல்லாத பையன்.

பால்பாண்டி சீட்டுகளைக் கீழே வைத்தான். "அப்ப இனிமே நான் வரலை."

சபியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் இல்லாமல் என்ன ஆட்டம்? சற்று யோசித்தாள். பிறகு மூட்டையிலிருந்து இறங்கி, அரிசி அளக்கும் படியை எடுத்து வந்தாள்.

"நாலு பேரு சீட்டையும் தனித்தனியாக் கட்டி இதுல போடுவோம். குலுக்கி, ஆளுக்கொரு கட்டு எடுப்போம்."

"உன் சீட்டு எனக்கு வருமா?" திருப்பதிக்கு வாயெல்லாம் பல்.

"வரலாம். பால்பாண்டியோடதும் வரலாம். அதனால எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. அடிபட்ட ஆளுக்குப் பதிலா வேற சீட்டு எடுக்கலாமா, கூடாதா?"

திருப்பதியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜக்கையனைப் பார்த்தான். ஜக்கையன் படியைப் பார்த்தான். இருவர் கைகளும் ஒன்றாக மேலே போயின.

குலுக்குவதற்கும் எல்லோரும் கை தூக்கி, குலுக்கி எடுத்தார்கள். சபியாவின் கட்டு பால்பாண்டிக்குப் போனது. விரல் உடைந்தவர் யாரிடம் வந்தார் தெரியுமா? திருப்பதியிடம்!

"ஆத்தாடி! நல்லவேளை கை தூக்குனேன்!" என்று அவசரமாக டப்பாவில் கைவிட்டான் அவன். "நீ நல்லா இருக்கணும் சபியா!"

தன் நல்ல சீட்டுகள் போனதில் சபியாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பால்பாண்டி கால்சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வரலைன்னு சொல்லிட்டேன், ஆனா மனசே கேக்கலை சபியா. வாரம் பூரா இந்த ஒரு நாளைத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன். உன்னாலதான் இன்னும் ஆடுறேன்."

சபியாவின் வருத்தம் போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் பால்பாண்டி ஜெயித்தான். மூட்டை மேல் ஏறியவன், நகர்ந்து இடம் விட்டான். "ஏறு சபியா!"

"அப்ப நாங்க?" என்றான் திருப்பதி.

"அதுக்கு மூணு கை வேணும்," என்றாள் சபியா.

நான்கு கைகள் உயர்ந்தன. அரிசி மூட்டைதான் பாவம்.