முதுகுப் பக்கம்

"சர்வர் ரூம் சாவியைக் குடுங்க, சார்."

சேர்ந்த அன்றே அவளை எச்சரித்திருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், அந்தச் சாவியை மட்டும் கேட்காதே. அது மேனேஜரின் இடுப்பைவிட்டு இறங்காது.

காலை 9.10. பூட்டிய அறைக்குள் இரண்டாம் வரிசை சர்வர்கள் மொத்தமும் சூட்டில் செத்துக் கிடந்தன.

"ஏசி சுவிட்ச் உன் சீட்டுப் பக்கத்துலதானே? குளிருதுன்னு அணைச்சிட்டுப் போயிருக்கே," என்றார் மேனேஜர். "எப்பப் பாரு ஸ்வெட்டர். ஏசியே பார்க்காத வீட்டுப் பொண்ணு. போன தடவை முதலாளி வந்தப்பவே முதுகைக் காட்டிக்கிட்டு நின்னவதானே நீ? இன்னைக்கு வர்றார். உன் பேரைத்தான் சொல்லப்போறேன். அதோட நீ கிளம்பலாம்."

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். இந்த மாதிரிப் பேச்சுகளை விழுங்கிப் பழகியவள். இன்று விழுங்கவில்லை.

"ஏசி நிக்கலை சார்," என்று முனகினான் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன். "வெளியில ஏசித் தண்ணி சொட்டுற வாளி வழிஞ்சு கிடக்கு, ராத்திரி பூரா ஓடியிருக்கு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. சாவி வந்தது.

உள்ளே ஏசியின் மீட்டர் இருபது டிகிரி காட்டியது. கண்ணாடிச் சுவருக்கும் முதல் வரிசைக்கும் நடுவே போய் நின்றாள். மேனேஜர் அறையைத் திறக்கும்போதெல்லாம் அவள் குளிர்காயும் இடம். கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் இல்லாத அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்த கதகதப்பு அவ்வளவுதான்.

கைகளை நீட்டினாள். சில்லென்றிருந்தது. எதிரே பச்சை விளக்குகள் கண் சிமிட்டின.

தரையில் சர்வர் அலமாரிகளின் சக்கரங்கள் கீறிய புதுக் கோடுகள். அவற்றைத் தாண்டி, இரு வரிசைக்கும் இடையில் நுழைந்தாள். அனல் அடித்தது.

"சர்வர் முன்பக்கமா மூச்சை இழுக்கும், பின்பக்கமா சூடா விடும்," என்றாள் வெளியே வந்து. "அதனாலதான் ரெண்டு வரிசையும் முகத்துக்கு முகம் நிக்கணும். நடுவுல வர்ற குளிர்காத்தை ரெண்டும் இழுத்துக்கும். முதல் வரிசையைத் திருப்பிட்டீங்க. அது விட்ட சூட்டை ராத்திரி பூரா ரெண்டாவது வரிசை குடிச்சிருக்கு. மீட்டர் ஏசி வாயிலயே இருக்கு, அதுக்கு எப்படித் தெரியும்?"

"திருப்பிட்டீங்கன்னா... யாரு?" என்றார் மேனேஜர்.

"சாவி யார்கிட்ட சார் இருந்துச்சு? முன்ன மாதிரியே இருந்தா, கண்ணாடி வழியா பார்க்குற முதலாளிக்கு வயரும் முதுகும்தான் தெரியும். பெரியவங்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது. எனக்குச் சொன்னதையே அதுக்கும் சொல்லிட்டீங்க."

"லைட்டு தெரிஞ்சா அழகா இருக்கும்னு நீங்கதானே சார் தள்ளச் சொன்னீங்க," என்றான் எலக்ட்ரீஷியன்.

மேனேஜரின் குரல் இறங்கியது. "சரி விடும்மா. ஏசி கோளாறுன்னு சொல்லிக்கலாம். உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"அப்ப எலக்ட்ரீஷியன் அண்ணனைத் துரத்துவீங்க."

வாசலில் முதலாளியின் கார் நுழைந்தது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"அவர்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டு அப்படியே வீட்டுக்குப் போறேன். சாவி கேட்டப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"நில்லும்மா. பேசிக்கிட்டிருக்கேன்ல."

அவள் முதுகைக் காட்டியபடியே நடந்தாள்.